சாத்தனூர்க் கல்மரமும் தென்துருவ நாட்குறிப்பும்

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்திற்குக் கிடக்கும் கல்மரத்தைக் காணுந்தோறும், 1912ஆம் ஆண்டு தென்துருவத்தினின்று திரும்புகையில், பசியாலும் பனியாலும் பிராணன் தேய்ந்த நிலையிலும், பியர்ட்மோர் பனியாற்றோரம் பொறுக்கிய ஏறத்தாழ 16 கிலோ கற்களைக் கைவிடாது இழுத்துச் சென்ற ஆங்கிலேய ஆய்வுப் பயணி ஸ்காட்டின் குழுவினர் என் ஸ்மரணைக்கு வருகின்றனர். அவற்றில் பதிந்திருந்த குளோசாப்டெரிஸ் என்னும் தொல்தாவரத்தின் இலை நம் பாரதத்து நிலக்கரிப் பாறைகளிலும் உண்டு. அண்டார்க்டிகாவும் பாரதமும் ஆதியில் ஒட்டியிருந்தமைக்கு அதுவும் ஒரு சாட்சியம். அக்குழுவினர் மாண்ட கூடாரத்தில் கிடைத்த நாட்குறிப்புகள் இல்லையேல், அக்கற்களின் சரித்திரம் பாதியே நமக்குக் கிட்டியிருக்கும். 1982 ஜனவரியில் இந்திய விஞ்ஞானி காசிம் தலைமையில் நம்மவர் அண்டார்க்டிகாவில் கால்வைத்த பின்னர், அங்குக் குளிர்காலம் கழித்துத் திரும்பியோர் பலர். அறிக்கைகள் போதா (அவற்றை யார் படிக்கிறார்கள்?), அவர்தம் அனுபவங்கள் தமிழில் நூலாகி, அரியலூர் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் கைக்கு எட்டும்படி வைக்கப்படல் வேண்டும்.