அயல்நாட்டுச் சமையற்கலைக் கல்வியும் நம் மாணவரும்

உணவின்றி உயிர்வாழ்க்கை இல்லையென்பதை மறுப்பார் யாருமிலர். ஆயினும், அவ்வுணவை ஆக்குவோரை மதிக்கும் வழக்கம் நம்மிடையே குன்றிவிட்டது. ‘மடை’ என்பது சோற்றிற்குப் பெயர். அதனைச் சமைப்போன் மடையன். மடமையுடையோனுக்கும் அதுவே பெயர். அகராதியில் இவ்விரு பொருளும் தனித்தனியே நிற்கின்றன. நம் நாவிலோ முன்னது மறைந்து பின்னது வசையாக நின்றுவிட்டது. நாம் ஒரு தொழிலை எவ்வாறு எண்ணுகின்றோம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இந்நிலை இன்று சிறிது மாறிவருகின்றது. 1895ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிலே தோன்றிய லெ கார்டன் ப்ளூ, 1946இல் தொடங்கப்பெற்ற அமெரிக்கச் சமையற்கலைக் கழகம் முதலிய கலாசாலைகளிற் சேர விரும்பும் மாணவ மாணவியர் நம் நாட்டிலும் உளர். இவ்விருப்பத்தை இகழ்தல் எம் கருத்தன்று, போற்றுதலே கருத்தாம். ஆனால், விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதுமுன் மாணவன் தன்னைத்தானே வினவ வேண்டுவதொன்றுண்டு. யான் சமையலை விரும்பிச் செல்கின்றேனா? அன்றி, அயல்நாட்டிற் குடியேறுதற்கு ஒரு வாயிலாகச் சமையலைப் பற்றுகின்றேனா? இவ்வினாவிற்கு மெய்யான விடை கூறாதவன் பொருளையும் காலத்தையும் ஒருங்கே இழத்தல் கூடும்.

இஃது வெற்றச்சமன்று, ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்து முடிந்த செய்தி. 2005ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில், சமையலும் முடிதிருத்தலும் கற்றோர்க்கு அந்நாட்டில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை எளிதிற் கிட்டுவதாயிற்று. உடனே அக்கல்வி தருவதாகக் கூறித் தனியார் கல்லூரிகள் பல முளைத்தன. இந்தியாவினின்று பல்லாயிரவர் சென்றனர். அவருட் பலர் அடுப்பங்கரையை அதன்முன் எட்டிப் பாராதவர். தொழில் தெரிந்தவர் என்று காட்ட 900 மணி நேரப் பணிச் சான்று வேண்டப்பட்டது; அதற்காகக் கூலியின்றி உழைத்தாரும் உண்டு, பொய்ச்சான்றை விலைகொடுத்து வாங்கினாரும் உண்டு. 2010ஆம் ஆண்டு அரசாங்கம் தன் கொள்கையை மாற்றியது. அவ்வாண்டு ஜூலை முதல் நாள் நடப்பிற்கு வந்த புதிய தொழிற்பட்டியலில் சமையற்காரரும் முடிதிருத்துவோரும் இடம்பெறவில்லை. கல்லூரிகள் சில வாயில் மூடின. குடியுரிமைக்கென்றே பயின்றோர் கையில் கடனும், விரும்பாத தொழிலின் சான்றிதழும் எஞ்சின. சமையலை விரும்பிக் கற்றவனோ, பட்டியல் மாறினும் தன் கைத்தொழிலை இழந்தானல்லன்.

இக்காலத்து நிலையையும் நோக்குவோம். அந்நாட்டு மாணவர் விசாவிற்குரிய கட்டணம் 2024ஆம் ஆண்டு ஜூலையில் 710 டாலரினின்று 1,600 டாலராகவும், 2025 ஜூலையில் 2,000 டாலராகவும் உயர்த்தப்பட்டது. இத்தொகை நம் பணத்தில் ஒரு லட்சம் ரூபாயினும் மிகும். ஓராண்டு வாழ்க்கைச் செலவிற்கென 29,710 டாலர் கையிலுண்டெனக் காட்டல் வேண்டுமென 2024 மே மாதத்தில் விதித்தனர். கல்லூரிக் கட்டணமும் வழிச்செலவும் இதற்குப் புறம்பு. பகுதிநேர வேலை செய்து கடனை அடைத்துவிடலாமென்பார்க்கு, கல்வி நடைபெறுங் காலத்தில் இரண்டு வாரத்திற்கு 48 மணி நேரமே வேலை செய்யலாமென்ற வரம்பும் உண்டு. நம் மத்திய அரசாங்கத்தின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையோ முதுநிலைப் பட்டத்திற்கும் முனைவர் பட்டத்திற்குமே உரியது. சமையற்கலைச் சான்றிதழ் பெறச் செல்வார்க்கு அது துணையாகாது.

திருவேங்கடம் போன்ற கரிசற்காட்டு ஊரினின்று புறப்படும் மாணவனுக்கு இக்கணக்கின் பொருள் யாது? மழையை நம்பிய மானாவாரி நிலமும், தாயும் தமக்கையும் தீப்பெட்டித் தொழிலிற் சேர்த்த சிறு பொருளுமே பல குடும்பங்களின் முதல். அந்நிலத்தை அடகு வைத்து ஒரு மகனை அனுப்புவார்க்கு, அவன் செல்லும் நோக்கம் தெளிவாய்த் தெரிந்திருத்தல் வேண்டாவோ? முகவர் கூறும் இனிய மொழி நிலத்தை மீட்டுத் தாராது.

அங்ஙனமாயின் ஏழை மாணவன் இக்கலையில் உயர்தற்கு வழியே இல்லையோ எனின், உண்டு. திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் வட்டாரத்தில் ஒரு வேளாண் சிற்றூரில் வளர்ந்தவர் திரு. விஜயகுமார். பொறியியல் கற்கப் பொருளின்மையால் திருச்சிராப்பள்ளியிலுள்ள மாநில உணவக மேலாண்மைக் கழகத்திற் சேர்ந்தார். பின்னர்ச் சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலிலும், அதன்பின் கப்பலிலும் சமைத்துத் தேர்ந்து அமெரிக்கா சென்றார். நியூயார்க்கில் 2021ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ‘செம்ம’ என்னும் உணவகத்தின் தலைமைச் சமையலாளராகி, அடுத்த ஆண்டே மிஷலின் விண்மீன் பெற்றார். 2025 ஜூன் மாதத்தில் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையலாளர் என ஜேம்ஸ் பியர்டு விருதும் எய்தினார். அவருக்குப் புகழ் தந்த உணவுகளுள் ஒன்று நத்தைப் பிரட்டல். வயலிற் பொறுக்கிய நத்தையை வறியோர் உணவென்று நாம் மறைக்கின்றோம்; அவரோ அதனை உலகின் முன்னே படைத்தார்.

அயல்நாட்டுக் கல்லூரியாற் பயனில்லை என்பது இதனாற் பெறப்படுவதன்று. பிரெஞ்சு நாட்டு முறைகளும், மாப்பண்டங்கள் சுடும் நுட்பமும், பெரிய சமையற்கூடத்தின் ஒழுங்கும் அங்கே நன்கு கற்பிக்கப்படுகின்றன. ஆயினும் முறையொன்றுண்டு. முதலில், 1963இல் தொடங்கப்பெற்று இன்று சென்னைத் தரமணியில் நடைபெறும் உணவக மேலாண்மைக் கழகத்திலேனும், திருச்சிராப்பள்ளியிலேனும் பயில்க. தரமணிக் கழகத்தின் பட்டப்படிப்பிற்கு அகில இந்திய நுழைவுத்தேர்வு உண்டு. அடுத்து, ஈராண்டேனும் ஒரு சமையற்கூடத்தில் வெப்பத்தையும் நெடுநேர உழைப்பையும் தாங்கிப் பார்க்க. அதன் பின்னும் ஆர்வம் குன்றாதாயின், கல்லூரிக்கு நேரே எழுதி விவரம் பெற்று, விண்ணப்பத்தைத் தானே நிரப்புக.

அவ்விண்ணப்பத்தில் ‘இக்கலையை நீ கற்க விரும்புவதேன்?’ என்னும் வினா பெரும்பாலும் இருக்கும். ஆஸ்திரேலிய அரசாங்கமும் 2024 மார்ச் முதல் இத்தகைய வினாக்களை விசாவிற்கே கேட்கின்றது. இவ்விடத்தில் முகவர் எழுதிக்கொடுத்த பொய்யுரை வேண்டா. கம்பங்கூழும் குதிரைவாலிச் சோறும் கருப்பட்டியும் நம் கரிசல் மண்ணின் செல்வம். அண்மையிலுள்ள கோவில்பட்டியின் கடலை மிட்டாய் 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. தன் ஊர்ச் சமையலை அறிந்தவனுக்கு எழுதப் பொருள் நிறைய உண்டு. அறியாதவன் எழுதுவது யாவர்க்கும் பொதுவான வெற்றுரையாகவே முடியும்.

ஆசிரியர்களும் பெற்றோரும் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. சமையற்கலை கற்க விரும்பும் பிள்ளையை, மதிப்பெண் குறைந்தவன் செல்லும் வழி இதுவென்று தாழ்த்தாதிருப்பாராக. இங்கே அத்தொழிலுக்கு மதிப்பிருந்தால், அதனை மதிக்கும் நாட்டைத் தேடி நிலத்தை விற்று ஓட வேண்டிய தேவை குறையும். மாணவ நண்பர்காள், செல்லுங்கள். ஆனால் கடவுச்சீட்டு ஏந்துமுன் அகப்பை பிடிக்கக் கற்றுச் செல்லுங்கள்.