நெருப்பு வைத்தவன் யார்?

2024ஆம் ஆண்டு நவம்பர் மூன்றாம் வாரத்தில் டில்லியில் ஓர் இலக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பகல் பதினொரு மணிக்குச் சூரியன் பழைய செப்புக்காசு போல மங்கிக் கிடந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் இருமினார்கள். மீதிப் பேர் முகத்தை மூடிக் கொண்டிருந்தார்கள். தேநீர் இடைவேளையில் ஒரு பெரிய மனிதர், நிறையப் படித்தவர், என்னிடம் சொன்னார்: "எல்லாம் இந்தப் பஞ்சாப் விவசாயிகளின் வேலை, ஸார். சோம்பேறிகள்! சர்க்கார் யந்திரம் யந்திரமாக வாங்கிக் கொடுத்திருக்கிறது. அவர்கள் ஒரு தீக்குச்சியைக் கிழித்து வேலையை முடித்து விடுகிறார்கள்."

நான் பதில் பேசவில்லை. என்னிடம் இருந்த பதில் ஒரு கோப்பைத் தேநீருக்குள் அடங்கக் கூடியதாக இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முந்திய வாரந்தான் நான் பஞ்சாபில், சங்ரூர் ஜில்லாவில் ஒரு கிராமத்தில் இருந்தேன். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவருக்கு அங்கே எட்டு ஏக்கர் நிலம். தமிழ்நாட்டில் சில காலம் பணியாற்றியவர். இன்றும் என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். அவர், அவர் மனைவி, மகன், மருமகள், ஐந்து வயதுப் பேரன் - அந்த நிலத்தை நம்பி இத்தனை ஜீவன்கள்.

அங்கே நெல் அறுத்த வயலில்தான் கோதுமை விதைக்க வேண்டும். நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009இல் ஒரு சட்டம் வந்தது. ஜூன் 10க்கு முன்னால் நாற்று நடக்கூடாது என்றது. நல்ல சட்டந்தான். ஆனால் நடவு தள்ளிப் போனால் அறுவடையும் தள்ளித்தானே போகும்? கோதுமையோ காத்திருக்காது. அக்டோபர் கடைசி வாரம் தொடங்கி நவம்பர் நடுப்பகுதிக்குள் விதை மண்ணுக்குள் போய்விட வேண்டும். தாமதமானால், மார்ச் மாத வெயிலில் மணி பால் பிடிக்காமல் சுருங்கி விடும். 2022 மார்ச்சில் அடித்த வெயிலில் பஞ்சாபின் விளைச்சல் விழுந்தது. அந்த மே மாதம் இந்தியா கோதுமை ஏற்றுமதியையே நிறுத்தியது. இருபது நாள் கணக்கு என்பது இதுதான். தோற்றால் ஒரு வருஷச் சாப்பாடு போயிற்று.

இந்த இருபது நாளுக்குள் வயலில் நிற்கும் அரிதாளை என்ன செய்வது? மாட்டுக்குப் போடலாமே என்று நம் தஞ்சாவூர்க்காரர்கள் கேட்பார்கள். அங்கே மாடுகளுக்குக் கோதுமை வைக்கோல்தான் தீனி. நெல் வைக்கோலை அவ்வளவாகப் போடுவதில்லை. அறுவடை யந்திரம் முழங்கால் உயரத்துக்குக் கட்டையை விட்டுவிட்டு, மேலே வைக்கோலைக் குவித்துவிட்டுப் போய்விடுகிறது. அதை அப்படியே மண்ணோடு கலந்து, பின்னாலேயே கோதுமையை விதைத்துக் கொண்டு போக ஒரு யந்திரம் உண்டு. 'சூப்பர் சீடர்' என்று பெயர். தனி விவசாயிக்குப் பாதி விலையும், கூட்டுறவுச் சங்கங்களுக்கு நூற்றுக்கு எண்பது பங்கும் மானியம் என்று 2018 முதல் சர்க்கார் உதவி வருகிறது. அரிதாளைக் கையாளும் யந்திரங்கள் பஞ்சாபுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் போயிருக்கின்றன. பெரிய மனிதர் சொன்னது இந்த அளவுக்கு உண்மை.

இனி அவருக்குத் தெரியாத உண்மைக்கு வருவோம்.

சுபேதாரின் டிராக்டர் முப்பத்தைந்து குதிரை சக்தி. சூப்பர் சீடரை இழுக்க ஐம்பத்தைந்துக்கு மேல் வேண்டும். ஆகவே டிராக்டரும் வாடகை, யந்திரமும் வாடகை. சங்கத்து யந்திரத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு ஆறு நாள் காத்திருந்தார். நவம்பர் 10ஆம் தேதி காலையில் அது வந்து சேர்ந்தது. வந்ததும் விதைக்க முடியுமா? பனி காய வேண்டும். ஈரமான வைக்கோல் சுழல் தண்டில் கயிறு மாதிரி சுற்றிக் கொள்ளும். பத்து மணிக்கு மேல்தான் மகன் டிராக்டரைக் கிளப்பினான். ஒன்றரை ஏக்கர் ஓடியது. பிறகு கரகரவென்று ஒரு சத்தம். நான் வரப்பில் நின்று கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் சுபேதாரின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது.

சுழல் தண்டின் பேரிங் நொறுங்கியிருந்தது. அதன் விலை எண்ணூறு ரூபாய்.

அந்த எண்ணூறு ரூபாய்ச் சாமானைத் தேடி மகனும் நானும் மோட்டார் சைக்கிளில் மூன்று நாள் அலைந்தோம். பக்கத்து ஊர்க் கடையில் அந்த அளவு இல்லை. அடுத்த ஊரில் நேற்று இருந்ததாம், இன்று இல்லையாம். லூதியானாவிலிருந்து வரவேண்டும், நாலு நாள் ஆகும் என்றார் மூன்றாவது கடைக்காரர். மெக்கானிக்கின் கொட்டகையில் பதினோரு யந்திரங்கள் வரிசையில் நின்றன. மனிதர் இரண்டு நாளாகத் தூங்கவில்லை, கண் சிவந்திருந்தது. சங்கத்தில் போய்க் கேட்டோம். "உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. ரிப்பேர் செலவுக்குப் பணம் ஒதுக்கவில்லை" என்றார்கள். யந்திரம் வாங்கப் பணம் இருந்தது. பேரிங் வாங்கப் பணம் இல்லை!

13ஆம் தேதி இரவு சுபேதார் என்னிடம், "தம்பி, நீ உள்ளே போய்ப் படு" என்றார். நான் போகவில்லை. மகன் வயலின் ஓரத்தில் குனிந்தான். ஆறரை ஏக்கரும் அரை மணியில் எரிந்தது. கிழவர் தலைப்பாகையின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். புகைக்காகத்தான் என்று முதலில் நினைத்தேன். வீட்டுக்குள் பேரன் விடிய விடிய இருமினான். டில்லிக்குப் போவதற்கு முன் அந்தப் புகை யார் நெஞ்சுக்குள் போகிறது என்பதை அந்த இரவில் தெரிந்து கொண்டேன்.

மறுநாள் நிலக்கணக்கர் வந்தார். செயற்கைக்கோள் பார்த்துவிட்டதாம். ஐந்து ஏக்கருக்கு மேல் நிலமுள்ளவருக்கு அபராதம் முப்பதாயிரம் ரூபாய். அந்த மாதம் 6ஆம் தேதிதான் அதை இரண்டு மடங்காக உயர்த்தியிருந்தார்கள். ஆகாயத்தில் ஏறி நின்று நெருப்பைப் பார்க்க நமக்குக் கண் இருக்கிறது. தரையில் கிடக்கும் ஓர் உடைந்த பேரிங்கைப் பார்க்க ஒரு கண்ணும் இல்லை.

நெருப்பு வைப்பது சரி என்று நான் வாதாட வரவில்லை. அது மண்ணைச் சுடுகிறது. குழந்தையின் மூச்சைச் சுடுகிறது. சுபேதாரும் அதை அறிவார். ஆனால் 'சோம்பேறி' என்கிறீர்களே, அந்தச் சொல்லை வாபஸ் வாங்குங்கள்! பஞ்சாபில் 2023இல் 36 ஆயிரத்துக்கு மேல் எண்ணப்பட்ட வயல் நெருப்புகள் 2024இல் 11 ஆயிரத்துக்குள் குறைந்தன. செயற்கைக்கோள் கண்ணுக்குத் தப்பியவை எத்தனையோ என்று வாதிடுகிறவர்கள் உண்டு, இருக்கட்டும். சோம்பேறிகள் நிறைந்த நாட்டில் இந்தக் குறைவுகூட நடக்குமா? யந்திரம் ஓடிய இடத்தில் விவசாயி தீப்பெட்டியை எடுப்பதில்லை.

ஒரு யந்திரத்தை வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று நினைப்பது பட்டணத்துப் புத்தி. நமக்கு மின்விசிறி நின்றால் மறுநாள் ஆள் வருவான். வராவிட்டால் ஒரு ராத்திரி வியர்க்கும், அவ்வளவுதான். இருபது நாள் மட்டும் ஓடி, பதினோரு மாதத்துக்கு மேல் கொட்டகையில் துருப்பிடிக்கும் யந்திரம் எப்படிப்பட்டது என்று யோசித்தோமா? அது உடைவதென்றால் அந்த இருபது நாளில்தானே உடையும்? வேறு நாளில் அதற்கு உடையச் சந்தர்ப்பமே இல்லையே!

ஆகவே சர்க்காரை நான் கேட்பது கொஞ்சந்தான். செப்டம்பரிலேயே ஒவ்வொரு யந்திரத்தையும் கழற்றிப் பார்த்து வையுங்கள். விதைப்புக் காலத்தில் பத்துக் கிராமத்துக்கு ஒரு மெக்கானிக்கை, ஒரு பெட்டி நிறையப் பேரிங்கும் போல்ட்டும் பிளேடும் கொடுத்து, சம்பளத்தோடு உட்கார வையுங்கள். பழுது பார்க்கும் செலவையும் மானியத்தில் சேருங்கள். இவ்வளவும் செய்த பிறகு ஒருவன் நெருப்பு வைத்தால், அவனுக்கு அபராதம் போடுங்கள். நானும் உங்கள் பக்கம் நிற்கிறேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு சுபேதாரிடமிருந்து செய்தி வந்தது. எரித்த நிலத்தில் தம் சொந்த டிராக்டரைக் கொண்டே விதைத்து விட்டாராம், பயிர் முளைத்திருக்கிறதாம். அபராதத்துக்குக் கடன் வாங்கியிருக்கிறாராம். கடைசியில் ஒரு வரி: லூதியானாவிலிருந்து பேரிங் வந்து சேர்ந்துவிட்டது.