வகைக்கெழுவுக்கு முன் படைப்புழு

2018ஆம் ஆண்டில் பெரம்பலூர், அரியலூர் மாவட்ட மக்காச்சோள வயல்களைப் படைப்புழு பெரிதும் அழித்தது. ஒரு தாய் அந்துப்பூச்சி ஆயிரத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. அப்பெருக்கத்தின் விரைவை உழவர் வீட்டுப் பிள்ளைகள் கண்ணாற் கண்டனர். எனினும் அப்பகுதிக் கல்லூரிகளில் விலங்கியல் பயில வருவோருள் பலர் மேல்நிலையில் கணிதம் பயிலாதவர்கள். எல்லை, சூத்திரம், பயிற்சிக் கணக்கு என்னும் பழைய வரிசையில் அவர்களுக்கு நுண்கணிதத்தைத் தொடங்குவது பொருந்தாது.

வெர்ஹுல்ஸ்ட் 1838இல் வகுத்த பெருக்க மாதிரியைக் கணினித் திரையில் அவர்களே இயக்கிப் பார்ப்பது தக்க தொடக்கமாகும். பெருக்கவீதத்தைக் கூட்டிக் குறைக்க, வளைகோடு உடன் மாறும். பூச்சிகளின் எண்ணிக்கை சூழலின் தாங்குதிறனில் பாதியை எட்டும்போது ஏற்றம் மிகச் செங்குத்தாகும், பின்னர்த் தளரும். அச்செங்குத்தின் அளவே வகைக்கெழு என்பதை அதன்பின் விளக்குதல் எளிது. மழையும் மருந்துத் தெளிப்பும் இம்மாதிரியில் இல்லை. அக்குறையை முதலில் சுட்டுவோர் பெரும்பாலும் உழவர் வீட்டு மாணவராகவே இருப்பர்; பாடத்தின் சிறந்த பகுதியும் அதுவே.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழகப் பாடநூல்களின் ‘வகைக்கெழு’ என்பது ‘வகை’ என்னும் அடியிற் பிறந்தது. மாற்றத்தின் வேகம் அதில் புலப்படவில்லை. உயிரியல் மாணவர்க்கு ‘மாறுவீதம்’ என்பதை முன்னும் பாடநூற்சொல்லைப் பின்னும் தருதல் நன்று. திரையில் அச்சுகளின் பெயர்கள் ஆங்கிலத்திலேயே நின்றால் தமிழ்வழி மாணவர் மீண்டும் புறத்தே நிற்பர். கலைச்சொல்லாக்கத்தை அகராதியோடு நிறுத்திக்கொள்ளாமல், அப்பெயர்களை இடும் பணியைத் தமிழ்த்துறைகள் ஏற்றல் வேண்டும்.