கருவிக்குக் கிடைத்த பெயர் நம் பெண்களுக்குக் கிடைக்கவில்லை

எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் 'புரோகிராமர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிற ஆளுக்கு அந்தப் பெயர். எழுதியதைச் சிப்புக்குள் இறக்குகிற கருவிக்கும் அதே பெயர். உள்ளங்கை அளவுப் பெட்டி, அதில் ஒரு சாக்கெட், ஒரு கேபிள், பச்சையும் சிவப்புமாய் இரண்டு விளக்கு. காலியாக வரும் மைக்ரோகன்ட்ரோலரை சாக்கெட்டில் வைத்து அழுத்தினால் சில நொடிகளில் புரோகிராம் உள்ளே போய்விடும். பச்சை எரிந்தால் அடுத்த சிப். சிவப்பு எரிந்தால் தனி டப்பா. ஒரே நேரத்தில் எட்டு, பதினாறு சிப்களுக்கு ஏற்றும் பெரிய பெட்டிகளும் உண்டு. செல்போன் ஆலைகளில் முழு போனையும் ஜிக்கில் வைத்து மென்பொருள் ஏற்றுவார்கள். அதற்குப் 'பிளாஷிங்' என்று பெயர்.

ஆளும் புரோகிராமர், பெட்டியும் புரோகிராமர். எட்டு மணி நேரம் நின்றுகொண்டு அந்தப் பெட்டியை ஓட்டுகிற பெண் மட்டும் ஆபரேட்டர். அதிலும் டிரெய்னி ஆபரேட்டர் அல்லது கான்ட்ராக்ட் ஆபரேட்டர்.

இந்தப் பெண்கள் யார் என்று தெரிய வேண்டுமானால் விடியற்காலையில் பெரியபாளையம் பஸ் நிலையத்துக்கு வாருங்கள். ஆடி மாதத்தில் பவானியம்மன் கோயிலுக்கு வேப்பிலை கட்ட வரும் கூட்டத்தைத்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். வருடம் முழுக்க இங்கே இன்னொரு கூட்டம் நிற்கிறது. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பெனி வேனுக்குக் காத்திருக்கும் நம் தங்கைகள், தம்பிகள். எல்லாபுரம் ஒன்றியத்துச் சேரிகளிலிருந்தும் இருளர் குடியிருப்புகளிலிருந்தும் வருகிறவர்கள். இவர்களுடைய பெற்றோரில் பலர் செங்கல் சூளையிலும், செங்குன்றம் அரிசி ஆலையிலும், அடுத்தவர் பூந்தோட்டத்திலும் உழைத்தவர்கள். சூளையிலிருந்து ஏ.சி. ஹாலுக்கு ஒரே தலைமுறையில் வந்தது சாதாரண விஷயம் இல்லை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். மாதச் சம்பளம், பி.எஃப்., ஊர்ப் பெரிய மனிதர் முன்னால் கைகட்டி நிற்காத வாழ்க்கை எல்லாம் அந்த வேனில்தான் வந்தன.

ஆனால் வேன் எந்த வாசலில் இறக்கி விடுகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெட்டியின் ஒரு பக்கம் சிப், மறுபக்கம் கேபிள். கேபிளின் மறுமுனையில் கம்ப்யூட்டர், அதில் பாஸ்வேர்டு. நாங்கள் பேசிய பெண்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள்: ஷிப்டுக்கு இத்தனை என்று டார்கெட் சொல்வார்கள், உள்ளே போவது என்ன என்று யாரும் சொன்னதில்லை. கேட்டால் லைன் லீடர், "அது உனக்கு எதுக்கும்மா?" என்பார். இரண்டு வருடம் லட்சக்கணக்கான போர்டுகளுக்கு உயிர் கொடுத்த பெண்ணுக்கு, தான் என்ன கொடுத்தோம் என்று தெரியாமலே ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது.

2014 நவம்பர் 1-ஆம் தேதி திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றபோது இதன் விலை தெரிந்தது. 2006-ல் தொடங்கிய ஆலை அது. வேலை பார்த்தவர்களில் பெருந்தொகையினர் இளம்பெண்கள். ஒரு காலத்தில் உலகத்தின் பெரிய செல்போன் ஆலைகளில் ஒன்றில் நின்ற கைகள் அவை. வேகமாகச் செய்யத் தெரிந்த கைக்கு அந்த லைன் இருக்கும்வரைதான் மதிப்பு. கேபிளின் மறுமுனையும் தெரிந்தவருக்கு ஒரு ஆலை மூடினால் இன்னொரு கதவாவது இருக்கும்.

உலகத்தின் முதல் புரோகிராமர்களே இப்படித்தான் நடத்தப்பட்டார்கள் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம். அமெரிக்காவில் 1946 பிப்ரவரியில் எனியாக் என்ற ராட்சதக் கம்ப்யூட்டரை உலகத்துக்குக் காட்டினார்கள். கேபிள்களை மாற்றி மாற்றிச் செருகி, சுவிட்சுகளைத் திருப்பி அதற்கு வேலை சொல்லிக் கொடுத்தவர்கள் ஆறு பெண்கள். அவர்களுக்கும் ஆபரேட்டர் என்றுதான் பெயர். அன்றிரவு நடந்த விருந்துக்கு அவர்களை அழைக்கவில்லை. அவர்கள்தான் முதல் புரோகிராமர்கள் என்று உலகம் ஒப்புக்கொள்ள நாற்பது, ஐம்பது வருடம் ஆனது.

கும்மிடிப்பூண்டி பக்கம் போனால் கருவி மாறும், கதை மாறாது. இரும்பு ஆலை, டயர் ஆலை, உதிரிபாக ஆலை எல்லாவற்றிலும் இயந்திரங்களை ஓட்டுவது பி.எல்.சி. என்கிற பெட்டி. இன்ஜினியர் லேப்டாப்பைக் கொண்டுவந்து கேபிளைச் செருகி அதன் புரோகிராமைத் திருத்துவார். இரவு ஷிப்டில் லைன் நின்றுவிட்டால் எந்த சென்சாரில் தூசி அடைத்திருக்கிறது, எந்த வால்வு திணறுகிறது என்று பக்கத்தில் நிற்கும் தம்பிக்குத் தெரியும். சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். ஆனால் லேப்டாப் அவன் கைக்கு வராது. சென்னையிலிருந்து ஆள் வரும்வரை லைன் நிற்கும். வந்தவர் இவனிடம் விசாரித்துக்கொண்டு சரிசெய்வார். ரிப்போர்ட்டில் அவர் பெயர் இருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பி.எல்.சி.யின் மொழியே எலக்ட்ரீஷியனுக்காக உருவானது. 1960-களின் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்காக மாடிகான் 084 என்ற முதல் பி.எல்.சி. வந்தபோது, ஆலை எலக்ட்ரீஷியன்கள் ஏற்கனவே படித்துப் பழகிய ரிலே வரைபடத்தையே அதன் புரோகிராம் மொழியாக வைத்தார்கள். டிகிரி இல்லாதவரும் படித்துப் பழுது பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். இரண்டு நெடுங்கோடு, நடுவில் படி படியாகக் குறுக்குக்கோடு. பார்க்க ஏணி போல இருப்பதால் அதற்கு 'லேடர் லாஜிக்' என்று பெயர். பாபாசாகேப் 1920-ல் மூக்நாயக் முதல் இதழில் இந்து சமூகத்தை ஏறி இறங்கப் படிக்கட்டு இல்லாத மாடிக் கட்டடமாக வர்ணித்தார். ஏணி என்றே பெயர் வைத்த ஒரு மொழியைக்கூட நம் தொழிற்பேட்டை மேல்மாடியில் தூக்கி வைத்துப் பூட்டிவிட்டது!

'கண்டவர்களும் புரோகிராமைத் தொட்டால் விபத்து நடக்கும்' என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. அதில் நியாயம் இருக்கிறது. ஒரு வரியைத் தப்பாக மாற்றினால் பிரஸ் கையின் மேல் இறங்கும், அந்தக் கை பெரும்பாலும் நம்மவர் கையாகத்தான் இருக்கும். அதனால் பாஸ்வேர்டே கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. பாஸ்வேர்டு யாருக்கு, எந்தப் பயிற்சிக்குப் பிறகு, எத்தனை வருடத்தில் கிடைக்கும் என்று எழுதி வையுங்கள் என்கிறோம். இப்போது அது எழுதப்படாத விதி. எழுதப்படாத விதிகள் இந்த நாட்டில் யார் பக்கம் நிற்கும் என்று சமூகவியல் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

அடுத்து வருவது தகுதி, திறமை. பத்தாம் வகுப்பு படித்த பெண்ணுக்கு இது புரியுமா, திரையில் வருவதெல்லாம் இங்கிலீஷாயிற்றே என்பார்கள். இங்கிலீஷும் வந்து, ஐ.ஐ.டி.யும் முடித்து, அமெரிக்காவும் போன பிறகு என்ன நடக்கிறது? 2020 ஜூனில் கலிபோர்னியா அரசுத் துறை ஒன்று சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. தலித் பொறியாளர் ஒருவர் இட ஒதுக்கீட்டில் ஐ.ஐ.டி.யில் சேர்ந்தவர் என்று ஆதிக்கசாதி மேலாளர் சக ஊழியர்களிடம் சொன்னார், எதிர்த்துப் புகார் செய்தபோது பொறுப்புகளைக் குறைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. இரு மேலாளர்கள் மீதான வழக்கை 2023-ல் அந்தத் துறையே கைவிட்டது. அதே வருடம் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் மசோதா கலிபோர்னியா சட்டமன்றத்தில் நிறைவேறியும் ஆளுநர் கையெழுத்துப் போட மறுத்தார். தீர்ப்பு எப்படியும் போகட்டும். லேப்டாப் கைக்கு வந்த பிறகும் 'நீ எந்த வழியாக உள்ளே வந்தாய்' என்ற கேள்வி நிற்பதில்லை என்பதை நம்மில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இந்த ஆபத்தை அண்ணல் மிக முன்பே பார்த்தார். 1942-ல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானதும் பட்டியல் சாதியினரின் குறைகளைப் பற்றி அரசுக்கு ஒரு மனு கொடுத்தார். கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் நம் மக்களைத் தூக்கிவிடப் போதாது, அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர் பயிற்சி வேண்டும், அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று அதில் வாதாடினார். இட ஒதுக்கீடு என்றால் அரசு வேலையும் கல்லூரி இடமும் மட்டுமே என்று நாம் பழகிப்போனோம். அண்ணலோ பட்டறையையும் சேர்த்துப் பார்த்தார்.

நிலத்தைக் கொடுத்தவர்களும் நாம்தான் என்பதை மறந்துவிட வேண்டாம். தேர்வாய் கண்டிகை இங்கிருந்து அதிக தூரமில்லை. பெரும்பான்மை தலித் மக்கள் வாழும் ஊர். ஆயிரம் ஏக்கருக்கும் மேலான மேய்ச்சல் காட்டை சிப்காட் எடுத்தபோது ஊரே எதிர்த்து நின்றது. அங்கே மிஷ்லின் டயர் ஆலை வந்தது. 2012-ல் ஊர்ச் சங்கத்தின் புகார் பிரான்ஸ் நாட்டுத் தொழிற்சங்கமும் அமைப்புகளும் துணைநிற்க பாரிஸ் வரை போனது. ஆடு மேய்ந்த இடத்தில் இன்று பி.எல்.சி. ஓடுகிறது. 'உள்ளூர் மக்களுக்கு வேலை' என்பது ஒவ்வொரு சிப்காட் அறிவிப்பிலும் வரும் வாக்கியம். என்ன வேலை என்று அந்த வாக்கியம் சொல்வதில்லை. தோட்ட வேலை, செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், லோடிங் எல்லாமே வேலைதான். லேப்டாப்பைச் செருகுகிறவர்களில் உள்ளூர்க்காரர் எத்தனை பேர், அதில் தலித், பழங்குடி எத்தனை பேர்? மாநெல்லூரில் மின்வாகனப் பூங்கா என்று அடுத்த அறிவிப்பும் வந்துவிட்ட நிலையில் இந்தக் கணக்கை இப்போதே கேட்டாக வேண்டும்.

கேட்க சட்டம் இருக்கிறது. தனியார் துறையில் இட ஒதுக்கீடு கிடையாது என்று நாம் எல்லா மேடையிலும் பேசுகிறோம். ஒரு இடத்தில் உண்டு! 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டம், அதாவது அப்ரெண்டிஸ் சட்டத்தில், 1973 திருத்தம் சேர்த்த பிரிவு 3ஏ. குறித்துரைக்கப்பட்ட ஒவ்வொரு தொழிற்பிரிவிலும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பயிற்சி இடங்களை வேலையளிப்பவர் ஒதுக்க வேண்டும் என்கிறது அது. அரசு ஆலை, தனியார் ஆலை என்ற வேறுபாடு அதில் இல்லை. 2019 விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம், கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரெண்டிஸ் எடுத்தாக வேண்டும். 2011 கணக்கெடுப்பில் திருவள்ளூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் மட்டும் 22 சதவீதம். எலக்ட்ரானிக் மெக்கானிக், இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக், எலக்ட்ரீஷியன் அப்ரெண்டிஸ் இடங்களில் நமக்குரியது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். புரோகிராமர் கருவிக்கும் பி.எல்.சி.க்கும் முறையாகக் கை வைக்கும் வாசல் இந்தப் பிரிவுகள்தான்.

ஒரு ஓட்டையும் இருக்கிறது. 2014 திருத்தத்தில் 'விருப்பத் தொழில்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பாடத்தை நிறுவனமே வகுத்துக்கொள்ளலாம். பிரிவு 3ஏ பேசுவது குறித்துரைக்கப்பட்ட தொழில்களைத்தான். அசெம்பிளி லைனில் நிற்பதையே விருப்பத் தொழிலாக்கி அப்ரெண்டிஸ் கணக்கைக் காட்டினால் ஒதுக்கீடும் போயிற்று, தொழிலும் போயிற்று. தொழிற்சங்கத் தோழர்கள் சம்பளத்தோடும் போனஸோடும் நிறுத்திக்கொள்ளாமல் இதையும் மேஜையில் வைக்க வேண்டும்.

மற்றபடி கருவியின் விலை ஒரு தடையே இல்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு ஆர்டுயினோ போர்டு சில நூறு ரூபாய், யு.எஸ்.பி. புரோகிராமர் அதைவிட மலிவு. ஆர்டுயினோவுக்கான மென்பொருள் இலவசம். பெரிய கம்பெனி பி.எல்.சி. மென்பொருளின் லைசென்ஸ் நமக்கு எட்டாது, ஆனால் ஓபன்பி.எல்.சி.யை வைத்து சாதாரண கம்ப்யூட்டரிலேயே லேடர் லாஜிக் பழகலாம். 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அரசு நவீனப்படுத்தியது நல்ல காரியம். ஆனால் ஷிப்டுக்குப் போகும் பெண் பகலில் ஐ.டி.ஐ.க்குப் போக முடியாது. ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு 2025-ல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். அந்த ஒவ்வொரு விடுதியிலும் ஒரு மேஜை, நான்கு போர்டு, இரண்டு புரோகிராமர், தமிழில் சொல்லிக்கொடுக்க வாரம் இரண்டு மாலை ஒரு ஆள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கு 2024-ல் சட்டமே வந்துவிட்டது. அந்த நிதியில் இது கைச்செலவுக்குக்கூடக் காணாது. ஷிப்ட் முடிந்து வரும் ஊர்ப் பெண்களையும் அந்த மேஜைக்கு அனுமதிக்க வேண்டும் என்பது எங்கள் கூடுதல் கோரிக்கை. விடுதிக் காப்பாளர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும், பேசிக்கொள்ளலாம்.

முதல் வேலை கணக்கு. தனியார் ஆலையிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க முடியாது. அப்ரெண்டிஸ் பதிவுகளைப் பார்க்கும் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம் அரசு அலுவலகம், அங்கே கேட்கலாம். கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட்களில் கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தெந்த நிறுவனம் எத்தனை அப்ரெண்டிஸ் எடுத்தது? தொழிற்பிரிவு வாரியாகப் பட்டியல் சாதி, பழங்குடி எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர்? விருப்பத் தொழிலில் சேர்க்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? பிரிவு 3ஏ-ஐ மீறியதற்காக எந்த நிறுவனத்துக்காவது நோட்டீஸ் போயிருக்கிறதா? மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம். 30 நாளில் பதில் வர வேண்டும். ஒருவர் போட்டால் கிடப்பில் போடுவார்கள், ஆகவே ஊருக்கு ஒருவராவது போடுங்கள். வந்த பதிலை, வராவிட்டால் மனுவின் நகலையாவது, எங்களுக்கு அனுப்பி வையுங்கள்.