நகரக் குப்பையின் தரத்தை வயலில் வந்து பாருங்கள்

தூத்துக்குடிச் சீமையில் 'குப்பை' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நகரத்தில் அது தெருவோரம் வீசப்படுவது. ஓட்டப்பிடாரத்திலோ விளாத்திகுளத்திலோ "இந்த வருஷம் குப்பை அடிச்சாச்சா?" என்று கேட்டால் நிலத்துக்கு எரு இட்டாயிற்றா என்று பொருள். ஒரு காலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. சாம்பல், காய்கறித் தோல், வாழை இலை, சாணம் ஆகியவற்றை நகரசபைக் கிடங்கில் குழி வெட்டி மக்க வைப்பார்கள். விவசாயிகள் மாட்டு வண்டி கட்டிச் சென்று ஏற்றி வருவார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் 1939-ல் ஆச்சார்யா வகுத்த கம்போஸ்ட் முறை இதற்கென்றே உருவானது.

இன்று அந்தக் குப்பையை இலவசமாகக் கொடுத்தாலும் விவசாயி தயங்குகிறார். அவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நகராட்சியின் கம்போஸ்ட் உரத்தை (ஊர்ப் பெயர் வேண்டாம்) மானாவாரி மிளகாய் நிலம் ஒன்றில் இடுமாறு நானே பரிந்துரைத்தேன். உழவு ஓட்டியபோது கண்ணாடிச் சில்லும், பாலிதீன் கிழிசலும், டார்ச் விளக்கு செல்லும் மேலே வந்தன. நிலத்துக்காரர் கோபப்படவில்லை. "ஐயா, இதப் பொறுக்குறதுக்கு ஆள்கூலி யாரு தருவாக?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த நகராட்சியின் கணக்கிலோ, அந்த லோடு உரமாக மாறி விவசாயிக்குப் போய்ச் சேர்ந்ததாகவே ஏறியிருக்கும்.

குறை இந்தக் கணக்கு முறையில்தான் இருக்கிறது. எத்தனை வீடுகளில் குப்பை வாங்கப்பட்டது, எத்தனை வண்டிகள் ஓடின, எத்தனை டன் எடைமேடை ஏறியது என்பவற்றையே உள்ளாட்சிகள் அளக்கின்றன. 2016-ல் 73 நகரங்களோடு மத்திய அரசு தூய்மைத் தரவரிசையைத் தொடங்கிய பின் இந்த எண்களுக்கு மவுசு கூடிவிட்டது. எண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எடையை மட்டும் பார்த்தால் மண்ணும் செங்கல் துண்டும் கூட வண்டியில் ஏறும். உரக்கிடங்கின் வாசலுக்கு உள்ளே போனது எவ்வளவு என்பதைப் போலவே, வெளியே வந்தது எப்படி இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் கம்போஸ்டுக்குத் தரம் வகுத்திருக்கிறார்கள். நூற்றுக்கு 90 பங்கு 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும். கரிமம் 12 சதவீதத்துக்கும், தழைச்சத்து 0.8 சதவீதத்துக்கும் குறையக் கூடாது. ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமையும், காட்மியம் 5 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. நமது கடற்கரைக்கு இவற்றைவிட முக்கியமானது உப்பு. மின் கடத்தும் திறன் 4-க்கு மேல் போகக் கூடாது. மீன் சந்தைக் கழிவும் கருவாட்டு உப்பும் சேர்ந்த குப்பையில் இது எளிதில் மீறிவிடும். நமது கரிசல் மண்ணில் நீர் எளிதாக வடியாது. மழையும் குறைவு. ஒருமுறை ஏறிய உப்பு அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். காவிரிப் பாசனத்தில் தாங்கக்கூடிய உரம் எட்டயபுரத்து மானாவாரி நிலத்தில் பயிரைக் கருக்கக்கூடும். ஆகவே தூத்துக்குடி மாநகராட்சியின் தருவைகுளம் கிடங்கிலிருந்து வந்தாலும், சிறிய பேரூராட்சியின் கிடங்கிலிருந்து வந்தாலும், ஒவ்வொரு குவியலுக்கும் ஆய்வறிக்கை வேண்டும். அதை உள்ளாட்சி மன்றக் கூட்டத்தில் படிக்கவும் வேண்டும்.

மறைவாகக் கொட்டப்படும் குப்பைக்கோ இந்த அரைகுறைக் கணக்கு கூடக் கிடையாது. மாநகராட்சி எல்லை முடிந்து ஊராட்சி தொடங்கும் இடத்தில், ஓடைப் புறம்போக்கில், உப்பளப் பாதையில் இரவில் லாரி கவிழ்த்துவிட்டுப் போகிறது. இரு தரப்பும் 'எங்கள் எல்லை இல்லை' என்கின்றன. உப்பாற்று ஓடைப் பக்கம் 11 இடங்களில் தாமிர ஆலைக் கசடு கொட்டிக் கிடந்தது நாடறிந்த செய்தி. 2018-ல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்த ஆலையின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தபோது சொன்ன காரணங்களுள் அதுவும் ஒன்று. 2024-ல் உச்ச நீதிமன்றமும் அதை எடுத்துக் கூறியது. ஒரு லாரி, இரண்டு லாரி என்று தொடங்கியபோதே யாராவது எண்ணியிருந்தால் மலையாகக் குவிந்திருக்காது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட வெள்ளத்தில் ஓடையில் கொட்டியது ஓடையில் நிற்காது. மேட்டிலிருப்பது வயலுக்கு வரும். பக்கிள் ஓடையில் கிடப்பது, ஒரு காலத்தில் முத்துக் குளித்த கடலுக்குப் போகும்.

இங்கிலாந்தில் 2004 முதல் உள்ளாட்சி மன்றங்கள் இப்படிச் சட்டவிரோதமாகக் கொட்டியதைச் சம்பவம் சம்பவமாகப் பதிவு செய்து மத்திய அரசுக்கு அனுப்புகின்றன. அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் பதிவாகிறது. அவ்வளவு அசுத்தமான நாடா என்று சிலர் சிரிப்பார்கள். எண்ணுகிறவனுக்குத்தானே எண் தெரியும்? நம்மிடம் ஒரு ஊராட்சி உண்மையைச் சொன்னால் அதன் மதிப்பெண் குறையும் என்ற நிலை இருக்கும்வரை எந்த அலுவலரும் எண்ண முன்வர மாட்டார். கொட்டிய இடத்தைப் பதிவு செய்ததற்கும், எத்தனை நாளில் அகற்றினார்கள் என்பதற்கும் மதிப்பெண் கொடுங்கள். பதிவேட்டைக் கிராம சபையில் வையுங்கள். எல்லைத் தகராறு உள்ள இடத்துக்கு இரு தரப்பையும் பொறுப்பாக்குவது மாவட்ட நிர்வாகத்தின் வேலை.

இவையெல்லாம் நடக்கும்வரை நகரக் கம்போஸ்ட் வாங்க விரும்பும் விவசாயிகள் தாங்களே சிறிது சோதித்துப் பார்க்கலாம். ஒரு கைப்பிடி உரத்தை நனைத்துப் பாலிதீன் பையில் இறுகக் கட்டி நான்கைந்து நாள் வைத்துத் திறந்து பாருங்கள். துர்நாற்றம் அடித்தால் அது மக்கவில்லை. இரண்டு சட்டிகள் எடுத்து, ஒன்றில் உங்கள் நிலத்து மண்ணும், மற்றதில் மண்ணும் உரமும் பாதிக்குப் பாதியும் நிரப்பி, இரண்டிலும் இருபது உளுந்து விதை ஊன்றுங்கள். உரச் சட்டியில் முளைப்பு குறைந்தால் உப்போ, மக்காத தன்மையோ இருக்கிறது. உரத்தில் ஒரு கிலோவைத் துணிப்பையில் கட்டி, அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து மின் கடத்தும் திறனைப் பார்த்துச் சொல்லுமாறு கேளுங்கள். அந்த முடிவு கைக்கு வந்த பிறகு ஏக்கருக்கு 5 டன் என்ற கணக்கில் லோடு சொல்லலாம். முதல் வருஷம் முழு நிலத்துக்கும் இட வேண்டாம். ஒரு ஓரத்தில் பத்து சென்ட் போதும்.