சமீர் யாருடைய பெயர்?

சமீர என்பது ஆண் பெயரா, பெண் பெயரா? சேருவிலயில் கேட்டால் ஆண் என்பார்கள். கிண்ணியாவில் சமீரா என்றால் பெண் பிள்ளை. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள்தான். கல்வியியற் கல்லூரியில் எங்களோடு சமீர என்றொரு சிங்களச் சகோதரர் படித்தார். விடுதிப் பட்டியலில் அவரைப் பெண்கள் பக்கம் போட்டுவிட்டார்கள். படித்து முடியும் வரைக்கும் அதைச் சொல்லியே சிரித்தோம்.

சிரிப்போடு போனால் இதை எழுதியிருக்க மாட்டேன். இப்போது ஃபோனில் பெயருக்குப் பொருள் பார்க்கிறார்கள். 'சமீர்: ஹிந்திப் பெயர், சமஸ்கிருத மூலம், பொருள் காற்று' என்று வருகிறது. உடனே ஒரு சொந்தக்காரர், "இது நம்மட பெயரில்ல, மாத்துங்க" என்று வாப்பாவிடம் சொல்லிவிடுகிறார். பிள்ளை தரம் 10. அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. பிறப்புச் சான்றிதழ், பாடசாலை ஆவணங்கள், அடையாள அட்டை என்று எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும். அலைச்சல் ஒரு பக்கம். இத்தனை வருடம் கூப்பிட்ட பெயர் ஏதோ குற்றம் போல அந்தப் பிள்ளை தலையைக் குனிந்து திரிவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஃபோன் சொன்னது பொய் இல்லை, பாதி. சமஸ்கிருதத்தில் சமீர என்றால் காற்றுதான். தமிழ் அகராதியிலும் காற்றுக்குச் சமீரணன் என்று பெயர் இருக்கிறது. சேருவிலச் சமீரவும் அந்தக் காற்றுத்தான். ஆனால் அரபியில் ஸமர் என்றால் இரவில் கூடியிருந்து கதைப்பது. அப்படிக் கதைக்கும் தோழன் ஸமீர், தோழி ஸமீரா. வேர் வேறு, பொருள் வேறு, ஓசை மட்டும் ஒன்று. நமக்கு இது புதிதா? கொறிப்பதும் கச்சான், ஆனி ஆடியில் முகத்தைச் சுடும் காற்றும் கச்சான். யாராவது குழம்புகிறோமா?

மார்க்கத்தைச் சொல்லித்தான் பயம் காட்டுகிறார்கள். உமர் (ரலி) அவர்களின் மகளுக்கு ஆஸியா என்றிருந்த பெயரை நபி (ஸல்) அவர்கள் ஜமீலா என்று மாற்றியது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பொருள் மாறு செய்பவள். ஃபிர்அவ்னின் மனைவி ஆஸியா (அலை) அவர்களின் பெயர் வேறு சொல்; அரபியில் எழுத்தே வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். மாற்றச் சொன்னது கெட்ட பொருளை. மொழியை அல்ல. மொழிதான் கணக்கென்றால் பர்வீனும் ஷிரீனும் பாரசீகப் பெயர்கள். அவர்களையும் கச்சேரிக்கு அனுப்புவோமா?

சரி, ஒரு பேச்சுக்குக் காற்று என்றே வைத்துக்கொள்வோம். காற்றில் என்ன குற்றம்? பாய் விரித்துத் தோணி ஓட்டிய ஊர்கள் இவை.

இனி யாராவது பிள்ளையின் பெயரை மாற்றச் சொன்னால், அதை அரபியில் எந்த எழுத்துகளால் எழுதுவது என்று முதலில் அவரிடம் கேளுங்கள். தெரியாது என்றால் ஆலோசனையை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள். பிள்ளைக்குப் படிக்க இருக்கிறது.