அருட்தந்தை பிரான்சிஸ் எங்கே?

காணாமல் ஆக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு இரண்டு இலட்சம் ரூபாய் என்று 2022இல் கொழும்பு அமைச்சரவை முடிவு செய்தது. அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கலாமே என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் போராட்டத்தைத் தொடங்கியது காசுக்காக அல்ல.

யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப், உள்நாட்டுப் போரின் முடிவில், 2009 மே 18 அன்று சரணடைந்தவர்களோடு இராணுவத்தின் பேருந்தில் ஏறினார். பிறகு அவரைக் கண்டவர் இல்லை. ஏற்றியதைப் பார்த்த, சரணடைந்தவர்களின் குடும்பத்தினர் நீதிமன்றம்வரை போய்ச் சாட்சி சொல்லிவிட்டார்கள்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் சுவார்ட்ஸ் ஐயரின் நினைவு வரும். ஜெர்மன் லுத்தரன் குருவானவர். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தவர், 1760இல் இலங்கைக்கும் வந்து போனார். பின்பு திருச்சியில் ஆங்கிலக் கம்பெனிப் படையின் குருவானார். அந்தச் சம்பளத்தில் பெரும்பங்கு பள்ளிக்கும் சபைக்கும் போயிற்று. 1779இல் கம்பெனியின் சென்னை அரசு அவரை மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியிடம் தூது அனுப்பியது. அடுத்த ஆண்டே போர் மூண்டது. ஹைதரின் குதிரைப்படை கர்நாடிக் பகுதியைச் சூறையாடியபோதும், இந்தப் பாதிரியாரைத் தடுக்காமல் விடுங்கள் என்று அவர் தன் அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டார். இத்தனைக்கும் இவர் எதிரிப் படையிடம் சம்பளம் வாங்கிய குரு! சுவார்ட்ஸ் 1798இல் தஞ்சாவூரில் நோயில்தான் இறந்தார். சரபோஜி மன்னர் அவருக்குச் சலவைக்கல்லில் நினைவுச்சின்னம் எழுப்பினார்.

அருட்தந்தை பிரான்சிஸ் எந்தப் படையிடமும் சம்பளம் வாங்கவில்லை. படையோடு இருக்கும் குருமாரையே போர்க்கைதியாக நடத்தக் கூடாது என்கிறது 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை. இலங்கை 1959இல் அதை ஏற்றது. 2018இல் வலிந்து காணாமலாக்கலுக்கு எதிராகச் சட்டமும் இயற்றியது. உடன்படிக்கையும் சட்டமும் இல்லாத ஹைதர் காத்த நெறியை இந்த அரசு காக்கவில்லை.

பழையதைக் கிளறாதே என்பவர்களோடு வாதாட எனக்குப் பொறுமை இல்லை. தங்கள் வீட்டில் ஒருவர் பேருந்தில் ஏறித் திரும்பாவிட்டால் அவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள்.

காணாமல் போனோர் அலுவலகம் 2018இலிருந்து இயங்குகிறது. அன்று பேருந்தில் ஏறியவர்களின் பெயர்களையும், அவர்களைப் பொறுப்பேற்ற அதிகாரிகளின் பெயர்களையும் வெளியிடுவதே அதன் முதல் வேலை. அதைச் செய்ய முடியாதென்றால் அந்த அலுவலகம் நமக்குத் தேவையில்லை.